முன்னுரையும் சுரக்குறிப்பும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் "நாட்டார் இசையும் அரசும்" என்று பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. ஒரு மணி நேரத்தில் அதற்கு நியாயம் செய்ய முடியாது. அதனால் ஒரே ஒரு மனிதரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அவர் தமிழர் அல்லர். நம் செங்கல்பட்டுக் கடற்கரைக்கு வந்தவரும் அல்லர். ஆனால் அவருக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பாட்டுக்கு நாம் என்ன செய்தோம், என்ன செய்யாமல் விட்டோம் என்பது விளங்கும் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் மோசே பெரெகோவ்ஸ்கி. 1892இல் உக்ரைனில், கீவ் நகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த திண்ணைப் பள்ளி வாத்தியார். மகன் இசை படித்தார், பாட்டு வாத்தியார் ஆனார், பிறகு பாட்டுச் சேகரிப்பவர் ஆனார். 1929 முதல் இருபது ஆண்டுகள், கீவில் சோவியத் அரசின் அறிவியல் கழகத்தில் யூத இசை ஆய்வுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

அரசே சம்பளம் கொடுத்து யூதப் பாட்டுச் சேகரிக்கச் சொன்னதா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். சொன்னது. புரட்சிக்கு முன், ஜார் ஆட்சியில் யூதர்கள் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் வசிக்கலாம் என்று சட்டம் இருந்தது. 1908இல் பீட்டர்ஸ்பர்க்கில் இளம் யூத இசைக்கலைஞர்கள் ஒரு சங்கம் வைக்கப் போனபோது, "யூத இசைச் சங்கம்" என்ற பெயரை அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. "யூத நாட்டார் இசைச் சங்கம்" என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். யூதருக்கென்று தனி இசை ஒன்று உண்டு என்பதே அவருக்குச் சந்தேகம். புரட்சி வந்ததும் நிலைமை தலைகீழானது. 1920களில் ஒவ்வொரு தேசிய இனமும் தன் மொழியில் படிக்கட்டும், பாடட்டும் என்பது புதிய அரசின் கொள்கை. யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷுக்குப் பள்ளிக்கூடம், பத்திரிகை, நாடகக் குழு எல்லாம் கிடைத்தன. ஆனால் அவர்களுடைய வேதமொழியான எபிரேயத்துக்கு இடமில்லை. அது மதகுருக்களின் மொழி, யித்திஷ் உழைக்கும் மக்களின் மொழி என்று பிரித்தார்கள். ஒரே வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை எபிரேயத்தில் விளக்குக்கு ஆசி சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் குழந்தையை யித்திஷ் தாலாட்டில் தூங்கவைக்கும் தாய்க்கு இந்தப் பிரிவினை எப்படிப் பட்டிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பெரெகோவ்ஸ்கியின் முதல் தொகுதி 1934இல் மாஸ்கோவில் அச்சானது. தொழிலாளர் பாடல்கள், புரட்சிப் பாடல்கள், குடும்பப் பாடல்கள். அதன் முன்னுரையை இன்றைக்குப் படித்தால் சங்கடமாக இருக்கும். தமக்கு முன்னால் பாட்டுச் சேகரித்த யூத அறிஞர்களை எல்லாம் பூர்ஷ்வாக்கள், மதவாதிகள், வர்க்கப் போராட்டத்தை மறைத்தவர்கள் என்று வரிசையாகத் திட்டுகிறார். உண்மையாகவே அப்படி நம்பினாரா, நம்புவதாகக் காட்டிக்கொண்டாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. அந்தக் காலத்தில் அப்படி ஒரு முன்னுரை இல்லாமல் அந்தப் புத்தகம் வந்திருக்காது.

முன்னுரையைத் தாண்டிப் புரட்டுங்கள். அங்கே வேறொரு மனிதர் இருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு சுரக்குறிப்பாக இருக்கிறது. யார் பாடினார், என்ன தொழில், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இருக்கிறது. தையற்காரர், செருப்புத் தைப்பவர், கூட்டுப்பண்ணைப் பெண் என்று பாடினவர்கள் பெயரோடு நிற்கிறார்கள். முன்னுரையில் கட்சி பேசுகிறது, சுரக்குறிப்பில் காது பேசுகிறது.

அவருடைய திட்டம் ஐந்து தொகுதிகள். முதலிரண்டும் சொல்லுள்ள பாடல்கள். மூன்றாவது, கிளெஸ்மர் எனப்படும் கல்யாண மேளக்காரர்களின் வாத்திய இசை. நான்காவது, நிகுன். ஹசீதிய பக்தர்கள் சொல்லே இல்லாமல், நம் ஆலாபனைபோல, கூட்டமாக மெய்ம்மறந்து பாடுவது அது. ஐந்தாவது, பூரிம் பண்டிகைக்கு வீடு வீடாகப் போய் ஆடும் நாடகங்கள். இந்த வரிசையைப் பாருங்கள். முதல் தொகுதி அரசுக்குப் பிடிக்கும். மேலே போகப் போக, கோயிலும் சாமியும் பண்டிகையும் வந்துவிடுகின்றன. நிகுனைப் புரட்சிப் பாட்டு என்று எந்த முன்னுரையாலும் நிறுவ முடியாது. ஆனாலும் அதையும் நூற்றுக்கணக்கில் எழுதிவைத்தார். அரசு தந்த மேசையில் உட்கார்ந்து, அரசு கேட்காததையும் சேர்த்து எழுதியவர் என்று அவரைச் சொல்லலாம்.

இசை தெரிந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1946இல் பெரெகோவ்ஸ்கி ஒரு சுரவரிசையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். மேல்நாட்டார் "மாற்றிய டோரியன்" என்பார்கள். நம் கணக்கில் சட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஐம்பத்தெட்டாவது மேளமான ஹேமவதி! நெல்லைக் காந்திமதி அம்மன்மேல் தீட்சிதர் பாடிய ராகத்தின் சுரங்கள்தாம், உக்ரைன் யூதக் கல்யாண வீட்டில் பிடிலில் ஒலித்தன. அவர்களுக்குப் பிரியமான இன்னொரு வரிசை நமக்கு வகுளாபரணம். உடனே "பார்த்தீர்களா, எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று யாரும் கைதட்ட வேண்டாம். சுரம் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகமும் பிடிப்பும் வேறு. பெரெகோவ்ஸ்கிக்கும் மூலம் தேடும் வெறி இல்லை. இதே சுரவரிசை உக்ரைனியரின் வீரக்கதைப் பாடல்களிலும், ருமேனியர் இசையிலும் இருக்கிறதே, அவர்கள் கையில் என்ன ஆகிறது, யூதர் கையில் என்ன ஆகிறது என்று கேட்டார். யூத மேளக்காரர்கள் உக்ரைனியர் கல்யாணத்துக்கு வாசித்தார்கள், உக்ரைனிய மெட்டு யூத வீட்டுக்குள் வந்தது, போனது மாறித் திரும்பி வந்தது. அண்டை வீட்டாரோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சமூகத்தின் இசை தெரியும் என்பது அவர் ஆய்வின் முதுகெலும்பு. "தூய்மை" தேடுகிறவர்கள் நம்மிடமும் உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்.

பிறகு போர் வந்தது. நாஜிகள் உக்ரைனுக்குள் வந்து, அவருக்குப் பாடிக்காட்டிய ஊர்களையே துடைத்துவிட்டார்கள். 1944இல், போர் முடிவதற்கு முன்பே, பெரெகோவ்ஸ்கி மறுபடி கிளம்பினார். செர்னிவ்ட்சி, பிறகு வின்னித்சியா வட்டாரத்தில், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்கள் இருந்த ஊர்கள். உயிர் பிழைத்தவர்களை உட்காரவைத்து, முகாமில் என்ன பாடினீர்கள் என்று கேட்டு எழுதினார். சிறுவர்கள் கட்டிய பாட்டு, செஞ்சேனை வீரன் கட்டிய பாட்டு, பெண்கள் கட்டிய பாட்டு. இட்லரைச் சபிக்கும் வசையும் ஸ்டாலினுக்கு வாழ்த்தும் ஒரே நோட்டில் இருக்கின்றன. எதையும் அழகு பார்த்துத் தள்ளவில்லை.

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1948 ஜனவரியில் மாஸ்கோ யித்திஷ் நாடகக் குழுவின் தலைவர் மீகோயெல்ஸ் மின்ஸ்கில் கொல்லப்பட்டார். சாலை விபத்து என்று அறிவித்தார்கள். 1949இல் கீவின் ஆய்வுப் பிரிவு மூடப்பட்டது. 1950 ஆகஸ்டில் பெரெகோவ்ஸ்கி கைதானார். பத்தாண்டுத் தண்டனை, சைபீரியாவில் தைஷெத் முகாம். 1938இல் வந்த வேறொரு பாடல் தொகுதியில் அவரோடு சேர்ந்து உழைத்த கவிஞர் இத்சிக் ஃபெஃபர் 1952 ஆகஸ்டு 12 இரவு சுட்டுக் கொல்லப்பட்ட பதின்மூன்று பேரில் ஒருவர். ஸ்டாலின் இறந்த பிறகு, 1955இல், பெரெகோவ்ஸ்கி விடுதலையானார். மிச்சமிருந்த ஆறு ஆண்டுகளும் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தார். 1961இல் கீவில் காலமானார். மறு ஆண்டு ஒரு சிறிய தொகுதி வந்தது. கிளெஸ்மர் தொகுதி மாஸ்கோவில் 1987இல், நிகுன் தொகுதி 1999இல், பூரிம் நாடகங்கள் 2001இல் வந்தன.

அவரும் அவருக்கு முன்னால் 1912 முதல் எழுத்தாளர் அன்ஸ்கியின் குழுவினரும் பதிவுசெய்த மெழுகு உருளைகள் ஆயிரத்துக்கு மேல். அழிந்துவிட்டன என்றே வெளியுலகம் நம்பியது. 1990களில்தான் அவை கீவின் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் பத்திரமாக இருப்பது தெரிந்தது. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. போர்க்காலப் பாட்டுகள் அதே நூலகத்தில் கையெழுத்தாகக் கிடந்தன. கனடாவின் அன்னா ஷ்டெர்ன்ஷிஸ் அவற்றைக் கண்டெடுக்க, 2018இல் "யித்திஷ் குளோரி" என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்து கிராமி விருதுப் பரிந்துரை வரைக்கும் போயின.

இதே காலத்து வேறு மூன்று இசைக்காரர்களைச் சொல்லாமல் போனால் படம் பாதிதான். மீகோயெல்ஸின் மருமகன் மியேச்சிஸ்லாவ் வைன்பெர்க், போலந்திலிருந்து தப்பி வந்த யூதர். வீட்டார் அனைவரையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். 1948 பிப்ரவரியில் கட்சி, இசையமைப்பாளர்களைக் கூப்பிட்டு, மக்களுக்குப் புரியாமல் எழுதுகிறீர்கள், நாட்டார் இசைக்குத் திரும்புங்கள் என்று தீர்மானம் போட்டது. வைன்பெர்க் திரும்பினார், தம் சொந்த யூத மெட்டுகளுக்கு. அந்த ஆண்டு அவர் எழுதிய சின்ஃபொனியெட்டாவை இசையமைப்பாளர் சங்கத் தலைவர் கிரென்னிக்கோவ் மேடையிலேயே பாராட்டினார். ஐந்தே ஆண்டில், 1953 பிப்ரவரியில், "யூத பூர்ஷ்வா தேசியவாதம்" என்று சொல்லி வைன்பெர்க்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாராட்டும் குற்றச்சாட்டும் ஒரே மெட்டுக்கு. ஸ்டாலின் மார்ச்சில் செத்ததால் ஏப்ரலில் வெளியே வந்தார்.

அவருடைய நண்பர் ஷோஸ்டகோவிச் யூதர் அல்லர். அவர் 1948இல் யூத நாட்டார் கவிதைகளுக்கு மெட்டமைத்துப் பதினோரு பாடல்கள் செய்தார். முதல் எட்டும் பழைய காலத்துத் துயரம். கடைசி மூன்றும் சோவியத் வாழ்வின் மகிழ்ச்சி. அந்த மூன்றும்தான் அவர் எழுதிய முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 1955 ஜனவரி வரை அவற்றை மேடையேற்ற முடியவில்லை. நெஹாமா லிஃப்ஷிட்ஸ் என்ற லித்துவேனியப் பாடகி 1958இல் மாஸ்கோவில் அனைத்து ஒன்றியப் போட்டியில் யித்திஷ் பாடி முதல் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு கீவில், அந்நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான தாலாட்டைப் பாடினார். அதோடு அந்த நகரத்தில் அவருக்குக் கதவு மூடிற்று.

அங்கேரியில் வேறு விதம். அங்கே 1972 முதல் புடாபெஸ்ட் இளைஞர்கள் கிராமத்து ஆட்டத்தையும் மேளத்தையும் நகரத்துக் கூடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு அதை ஆதரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, பொறுத்துக்கொண்டது. அந்த அலையில் வந்த முஜிகாஷ் குழு, கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1993இல், மாராமரோஷ் மலைப்பகுதியில் மறைந்துபோன யூத இசையைத் தேடிப் போனது. யூதர்கள் அங்கே இல்லை, ஆஷ்விட்சுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மெட்டுகள் யாரிடம் இருந்தன தெரியுமா? போருக்கு முன் யூதக் கல்யாணங்களுக்குக் கூலிக்கு வாசித்த ரோமா மேளக்காரர்களிடம். கெயோர்கெ கோவாச் என்ற முதிய பிடில்காரர் வாசித்துக் காட்டினார். கல்யாண வீட்டின் இசை அந்த வீட்டாரிடம் இல்லை, வாசலில் நின்று வாசித்தவரிடம் இருந்தது! நம் ஊரில் யாருடைய சாவுக்கு, யாருடைய திருவிழாவுக்கு யார் வாசித்தார்கள் என்று யோசித்தால் இதன் பொருள் புரியும்.

இனி நம் பக்கம் வருகிறேன்.

தமிழ்நாட்டில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வரவில்லை. ஆனாலும் நாட்டார் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்கு இருக்கும் பங்கு பெரிது. ஜீவா, கலை இலக்கியப் பெருமன்றம், பிறகு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகள் என்று அந்த வரிசை நீளும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் பாடிய பாட்டு கேரளத்தின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கே உதவியது என்பார்கள். அவர் தம்பி அந்தக் குழுவில் ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராய்ச் சுற்றித்தான், 1976இல் "அன்னக்கிளி"யில் கிராமத்து மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. இடதுசாரி மேடை, நாட்டார் மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றியது. நடவுப் பாட்டின் மெட்டில் கூலி உயர்வுக் கோரிக்கை. தவறு என்று சொல்லவில்லை. பாட்டு அப்படித்தான் எப்போதும் வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த மெட்டில் முன்பு இருந்த சொல், மாரியம்மனைக் கூப்பிட்ட சொல், மாமனைக் கேலி செய்த சொல், "பிற்போக்கு" என்று ஓரம் போனது. வடிவம் தேசியம், உள்ளடக்கம் சோசலிசம் என்ற ஸ்டாலின் சூத்திரம் நம் கலை இரவுகளிலும் பெயர் சொல்லாமல் நடமாடியது. சிறை இல்லை, முகாம் இல்லை, அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இங்கே மேடைக்காரருடைய விருப்பமே சல்லடையாக இருந்தது.

அந்தச் சல்லடைக்குள் அடங்காதவர் நா. வானமாமலை. நாங்குநேரிக்காரர், கட்சிக்காரர், பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். 1964இல் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" வந்தது. 1969இல் "ஆராய்ச்சி" இதழ் தொடங்கினார். முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கூத்து என்று கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். அவருடைய விளக்கவுரைகளில் வர்க்கப் பார்வை இருக்கும். சிலவற்றை இன்றைக்கு அப்படியே ஏற்க முடியாது. ஆனால் தாலாட்டு, காதல், ஒப்பாரி, தெய்வம் எதையும் அவர் கொள்கைக்காகத் தள்ளவில்லை. அதனால் இன்றைக்கும் அந்தப் புத்தகம் வேண்டியிருக்கிறது. பெரெகோவ்ஸ்கியோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய ஓட்டை மட்டும் தெரிகிறது: நா.வா.வின் தொகுப்பில் பாட்டு பெரும்பாலும் சொல்லாகவே இருக்கிறது. மெட்டு இல்லை. இது அவர் ஒருவர்மேல் சொல்லும் குறையன்று. தமிழ் நாட்டாரியல் முழுவதும் இலக்கியத் துறைக்காரர்கள் கையில் வளர்ந்தது. எதுகை மோனை கேட்ட காதில் காந்தாரம் விழவில்லை. சபா மேடையில் சுரம் எழுதத் தெரிந்தவர்கள் வயல்வரப்புக்கு வரவில்லை. இருவருக்கும் நடுவே மெட்டு போய்விட்டது.

அந்த இடைவெளியில் நின்றவர் கே.ஏ. குணசேகரன். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955இல், தலித் குடும்பத்தில் பிறந்தவர். பாடிக்கொண்டே படித்தவர், நாட்டார் இசையை ஆய்வு செய்தவர், "தன்னானே" குழுவைக் கட்டியவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு தமிழ்க் கவிதையில் எழுந்த கோபத்தின் ஒரு முனை இன்குலாப். கீழக்கரை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, இடதுசாரி. அவர் எழுதிய "மனுசங்கடா" குணசேகரன் குரலில்தான் தமிழ்நாடெங்கும் போனது. இடதுசாரி மேடைகளில் பாடத் தொடங்கிய குணசேகரன் 1990களில் தலித் கலை இயக்கத்தின் முன்னணிக்கு வந்தார். "பலி ஆடுகள்" நாடகம், "வடு" தன்வரலாறு, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பணி, பிறகு உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநர் பதவி. 2016 ஜனவரியில் காலமானார்.

"வடு"வைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு நாட்டார் இசை அருங்காட்சியகப் பொருள் அல்ல. பறை வீட்டிலும் தெருவிலும் இருந்தது. அதை அடித்ததற்காகவே கேவலப்படுத்தப்பட்ட தெருவும் அதுதான். பொதுவான "மக்கள் இசை" என்று மேடை அறிவிக்கும்போது, எந்த மக்கள் என்ற கேள்வி அவருக்கு விடாமல் வரும். வைன்பெர்க்கிடம் கட்சி "மக்களிடம் திரும்பு" என்றபோது அவர் தம் மக்களிடம் திரும்பினார்; அதுதான் பிரச்சினையானது. குணசேகரனுக்கு அந்த அளவு விலை இல்லை. ஆனால் சாதியைச் சொன்னால் வர்க்க ஒற்றுமை கெடும் என்ற பேச்சை அவர் தலைமுறை நன்றாகவே கேட்டிருக்கிறது. பறை இன்றைக்குக் கல்லூரி விழாவுக்கும் அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கத்துக்கும் போயிருக்கிறது என்றால், அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களால்தான் போயிருக்கிறது.

ஒரு இடைச்செருகல். இந்தியாவிலேயே யூதர் இருக்கிறார்களே, அவர்கள் பாட்டு என்ன ஆயிற்று என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொச்சியில் யூதப் பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டும் வேதக் கதைப் பாட்டும் பாடினார்கள். நோட்டில் எழுதிக் கைமாற்றி வைத்திருந்தார்கள். ஆண்கள் முன்னிலையிலும் பாடினார்கள். வேறு பல யூதச் சமூகங்களில் அது கூடாது. 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தபோது அவர்களில் பெரும்பாலோர் இசுரேலுக்குப் போய்விட்டிருந்தார்கள். பின்னர் பி.எம். ஜூசே, பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா போன்றவர்கள் அந்த நோட்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள். 2005இல் "கார்குழலி" என்ற தொகுப்பு வந்தது. பாட்டு மலையாளம், பாடிய பாட்டிகள் இசுரேலில். எந்த அரசும் தடுக்கவில்லை, ஊக்குவிக்கவும் இல்லை. பெண்கள் எழுதிவைத்ததால் மிஞ்சியது.

சரி, செங்கல்பட்டு. இந்த மாவட்டம் 2019இல் பிரிந்தது என்றாலும் பெயர் பழையது. 1891இல் இங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் தாழ்த்தப்பட்டோரின் நிலைபற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலமே பிறந்தது. அந்த நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நிலத்துக்கு அரசாணை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, வழக்கு இருக்கிறது. பாட்டுக்கு என்ன இருக்கிறது?

இருளரை எடுத்துக்கொள்வோம். 1909இல் தர்ஸ்டன் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிப் போட்ட ஏழு தொகுதிகளிலேயே அவர்களுக்கு இடம் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் போனது; 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது; விஷமுறிவு மருந்துக்கு விஷம் அங்கிருந்து போகிறது. அதில் உழைத்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ. பொய் வழக்குக்கும் கொத்தடிமைக்கும் எதிராக இடதுசாரிகள் அவர்களுக்காக நின்றிருக்கிறார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நின்றிருக்கிறது. மறுக்க முடியாத வேலை. பாம்பு பற்றிய அவர்கள் அறிவை விஞ்ஞானம் எழுதிக்கொண்டது. அவர்கள்மேல் நடந்த கொடுமையை நீதிமன்றம் எழுதிக்கொண்டது. அவர்கள் பாட்டை மெட்டோடு எழுதிக்கொள்ள இந்த ஊரில் எந்த நிறுவனமும் மேசை போடவில்லை.

ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு வடமாவட்டங்களின் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலையையும் தார்ப்பாயையும் கட்டிக் குடில் போடுகிறார்கள். விடியலில் ஈர மணலில் படிகள் பிடித்து, கன்னியம்மனுக்குப் பூவும் பழமும் வைத்து, பிள்ளைக்கு மொட்டையடித்து, காது குத்தி, கல்யாணமும் அங்கேயே முடிக்கிறார்கள். சாமி வந்து ஆடுகிறவர் குறி சொல்கிறார். புகைப்படக்காரர்கள் வருகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. படத்துக்குச் சத்தம் கிடையாது.

இந்த அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை எடுத்து, இருளர் இளைஞர் சிலரிடமே நல்ல ஒலிப்பதிவுக் கருவி கொடுங்கள். சுரம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். ஆர்வம் போதும் என்று விடாதீர்கள். பெரெகோவ்ஸ்கி செய்ததுபோலப் பாடினவர் விரும்பினால் பெயர், வயது, ஊர், தொழில், எந்தச் சடங்கில் பாடியது என்று குறியுங்கள். கன்னியம்மன் பாட்டோடு, நடுவில் யாராவது சினிமாப் பாட்டு மெட்டில் கன்னியம்மனைக் கூப்பிட்டால் அதையும் பதியுங்கள்; அது கலப்படம் என்று வெட்ட உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. சாமியாட்டத்தை மூடநம்பிக்கை என்று நினைக்கிற பகுத்தறிவாளர் குழுவில் இருக்கலாம். பதிவு பொத்தானை நிறுத்தாமல் இருந்தால் சரி. பதிவின் முதல் படி பாடினவர் வீட்டுக்கு, இரண்டாவது அவர்களுடைய சங்கத்துக்கு, மூன்றாவதுதான் நூலகத்துக்கு. வெளியார் யாராவது பயன்படுத்த வேண்டுமென்றால் சங்கத்தைக் கேட்கட்டும்.

முன்னுரை எழுதும் பொறுப்பை என்னிடம் தர வேண்டாம். கருவியையும் ஆட்களையும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். மாசி மகத்துக்கு முந்தின நாளே கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். போகிறவர்கள் அன்று பொழுது சாய்வதற்குள் போய், குடில் போட இடம் கேட்டு உட்கார்ந்துவிடுவது நல்லது.